ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்து

என் மனைவி பதினாறு நாட்கள் ஒரு இயந்திரத்தின் துணையில் உயிரோடு இருந்தாள். அந்த நாட்களைப் பற்றி யாராவது கேட்டால் நான் நடுவிலிருந்து ஆரம்பிப்பேன். பிறகு முன்னால் போவேன். ஒரு நாளை விட்டுவிட்டு, "இல்லை, அது அதற்கு முந்தின நாள்" என்று திருத்துவேன். கேட்பவர்கள் பாதியிலேயே சும்மா தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். விளங்காததை விளக்கிச் சொல்வதுதான் என் பிழைப்பு. இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்த்தால் வரலாம் என்று தோன்றியது.

அவள் நில அளவைத் துறையில் சர்வேயர். துறையூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா சீக்கிரமே இறந்துபோனதால் அண்ணன்தான் படிக்க வைத்தார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வேலை நாட்களில் அவள் காலையிலேயே முசிறி, தொட்டியம் என்று கிளம்பிவிடுவாள். யாருடைய வரப்பு யாருடைய நிலத்துக்குள் ஒரு முழம் நகர்ந்திருக்கிறது என்று அளந்து சொல்வாள். சண்டைக்காரர்கள் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் நின்று பேசிப் பழகியவள்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நான்காம் நாள் காலை வாசல் கூட்டிவிட்டு உள்ளே வந்தவள் நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு வாங்குதுங்க" என்றாள். பக்கத்துத் தெரு டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அந்தப் பிடி இல்லை.

மாலை நான்கு மணிக்குள் அவளுடைய ரத்த அழுத்தம் எந்த மருந்துக்கும் நிற்கவில்லை என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் ஒரு பெண். நான் முதன்முதலில் பாடம் நடத்திய பிள்ளைகளைவிட வயது குறைவாக இருக்கும்.

"இதயத் தசையில வீக்கம் சார். வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு வரும். இப்ப ஹார்ட் அடிக்குது, ஆனா ரத்தத்தத் தள்ளல. கொஞ்ச நாளைக்கு அந்த வேலைய வெளியில ஒரு மிஷின் செய்யட்டும். ஹார்ட்டுக்கு ரெஸ்ட் கிடைக்கும். திரும்பி வந்துடும்னு நம்பறோம்."

இது எனக்குப் புரிந்தது. ஒரு பம்பு நின்றால் இன்னொரு பம்பு. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கட்டிலருகே போய்ப் பார்த்தபோதும் புரிந்தது. தொடைச்சந்திலிருந்து ஒரு கட்டைவிரல் பருமனுள்ள குழாயில் கறுத்த ரத்தம் வெளியே வந்தது. பெட்டிக்குள் போய்ச் சுற்றி, ஆக்சிஜன் சேர்ந்து, நல்ல சிவப்பாக இன்னொரு குழாயில் உள்ளே போனது. அவள் மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் சின்ன டார்ச் விளக்கை அடித்து அந்தப் பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கயாவது ரத்தம் உறைஞ்சிருக்கானு பாக்கறேன் சார். பிளாஸ்டிக் குழாய்ல ரத்தம் ஓடினா உறையத்தான் பாக்கும். அதுக்குத்தான் ஹெப்பாரின் போய்க்கிட்டே இருக்கு. உறையாம வச்சுக்கும்."

அதுவும் புரிந்தது. அதோடு எனக்குப் புரிந்தவை முடிந்தன.

அவளுடைய அண்ணன், என் மச்சான், துறையூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். வயலில் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டு வேட்டி, இரண்டு சட்டையோடு வந்தார். எங்கள் வீட்டில்தான் தங்கினார். காலையில் அவரே ரசம் வைத்து, சோறு வடித்து, எனக்கும் போட்டுக் கொடுப்பார். இருவரும் ஒன்றாக பஸ் ஏறி ஆஸ்பத்திரி போவோம். பார்வையாளர் நேரம் பகல் பதினொன்று, மாலை ஐந்து. இடைப்பட்ட நேரத்தில் வராந்தா நாற்காலிகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

தினமும் காலையில் டாக்டர் வந்து அன்றைய நிலவரம் சொல்வார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, "பிளேட்லெட் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. மிஷின்ல இருக்கறவங்களுக்குக் குறையும், பாத்துக்கலாம்" என்றார். ஆறாம் நாள் அது பாதிக்கும் கீழே போய்விட்டது என்றார். அவர் முகம் மாறியிருந்ததா, எனக்கு இப்போது அப்படித் தோன்றுகிறதா, தெரியவில்லை.

பிளேட்லெட் என்ற சொல் எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் புதிதில்லை. மழைக்காலம் வந்தால் டெங்குவோடு சேர்ந்து அதுவும் வரும். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப டெங்குங்களா டாக்டரம்மா?"

"இல்லீங்க. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். இது வேற."

"வேறனா?"

"பாத்துக்கிட்டிருக்கோம். இன்னொரு டெஸ்ட் அனுப்பியிருக்கோம்."

அவர் போன பிறகு மச்சான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நெடுநேரம் போனில் பேசினார். ஊரில் யாருக்கோ டெங்கு வந்தபோது பிளேட்லெட் கொடுத்துப் பிழைத்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். என்னிடம், "பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமானு கேளுங்க மாப்ள" என்றார். மூக்கில் குழாயோடு கிடக்கிறவளுக்கு எப்படிக் கொடுப்பது என்று நான் யோசித்தேனே தவிர, எதற்காகக் கொடுப்பது என்று யோசிக்கவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு நான் உள்ளே போனபோது நர்ஸ் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். இடது பாதம் வெளியே தெரிந்தது. மூன்று விரல்கள் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தன. ஏதோ மருந்து பட்ட கறை என்றுதான் நினைத்தேன். கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. தொட்ட இடம் குளிர்ந்திருந்தது. நர்ஸை அழைத்தேன். அவர் பார்த்துவிட்டு டாக்டரை அழைத்தார்.

மறுநாள் காலை எங்கள் இருவரையும் சின்ன அறை ஒன்றில் உட்கார வைத்து டாக்டர் சொன்னார்.

"அவங்களுக்கு ஹெப்பாரின் ஒத்துக்கல. ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் இப்படி ஆகும். அந்த மருந்த எதிர்த்து உடம்பு ஒரு பொருள உண்டாக்கியிருக்கு. அது போயி பிளேட்லெட்ட உசுப்பி விடுது. உசுப்பினதும் அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கட்டியாயிடுது. கட்டியாறதுக்கே செலவாயிடறதுனாலதான் எண்ணிக்கை குறையுது. விரலுக்குப் போற ரத்தமும் அதுலதான் அடைச்சிருக்கு."

நான் கேட்டேன், "ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மருந்துனாலயே ரத்தம் உறையுதுங்கறீங்களா?"

"ஆமா சார்."

"பிளேட்லெட் குறைஞ்சா ரத்தம் நிக்காம வழியும்னுதானே கேள்விப்பட்டிருக்கேன்?"

"சாதாரணமா அப்படித்தான். இதுல உறையும்."

நான் தலையாட்டினேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் ஆட்டுகிற ஆட்டல் அது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டல்.

ஹெப்பாரினை அப்போதே நிறுத்திவிட்டதாகவும், வேறொரு மருந்து சென்னையிலிருந்து வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார். அறையை விட்டு வெளியே வந்தோம். வராந்தா நிறைய மனிதர்கள் நின்றிருந்தார்கள். மச்சானுடைய ஊர்க்காரர்கள், வேன் வைத்துக்கொண்டு பதினோரு பேர். துவைத்த சட்டை போட்டு, தலை சீவி, ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள்போல இருந்தார்கள். பிளேட்லெட் கொடுக்க வந்திருந்தார்கள்.

மச்சான் திரும்பி டாக்டரிடம் போனார். "ஆளுங்க வந்துட்டாங்கம்மா. யார மொதல்ல அனுப்பட்டும்?"

"இல்லீங்க, பிளேட்லெட் ஏத்தக் கூடாது. ஏத்தினா அதுவும் போய்க் கட்டியாகும். நெருப்புல எண்ணெய் ஊத்தற மாதிரி."

டாக்டர் உள்ளே போய்விட்டார். மச்சான் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் உயரவில்லை.

"குறையுதுங்கறாங்க. குடுக்க ஆளக் கொண்டாந்திருக்கேன். வேணாங்கறாங்க. இதுல எது நெசம் மாப்ள?"

மருந்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்க முயன்றேன். ஒரு வட்டம் ரத்தக்குழாய். உள்ளே புள்ளிகள் பிளேட்லெட். அம்புக்குறி போட்டேன். இன்னொரு அம்புக்குறி போட்டபோது முதல் அம்புக்குறியின் திசை தவறு என்று தெரிந்தது. அடித்துவிட்டு மறுபடி போட்டேன். பதினோரு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"நீங்க வாத்தியாரு" என்றார் மச்சான். "உங்களுக்கே வெளங்கலனா எனக்கு எப்படிங்க வெளங்கும்?" பிறகு, மற்றவர்கள் காதில் விழாமல், "மருந்து அவங்கதானே குடுத்தாங்க? அப்ப தப்பு அவங்களோடதுதானே? அத மறைக்கத்தான் சுத்திச் சுத்திப் பேசறாங்களோ?" என்று கேட்டார்.

எனக்கும் அந்த எண்ணம் ஒரு நிமிடம் வந்து போயிருந்தது. ஐந்து மணிக்கு நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"முதல் நாள் அத நாங்க குடுக்கலனா அன்னைக்கே மிஷின் அடைச்சு நின்னிருக்கும் சார். யாருக்கு இப்படி ஆகும்னு முன்னாடி தெரிஞ்சுக்க வழியில்ல. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கவே மாட்டோம்."

இதை மச்சானிடம் அப்படியே சொன்னேன். "ம்" என்றார். வேன் துறையூருக்குத் திரும்பிப் போனது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு ஸ்ரீவைஷ்ணவ மாமி. மாடியில் இருந்தார். தினமும் நாங்கள் வீடு திரும்பும்போது படியில் நின்று விசாரிப்பார். அன்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நேத்திக்கு ரத்தம் நீர்த்து இருக்கணும்னேள். இன்னிக்கு உறையறதுங்கறேள். நேக்கு ஒண்ணும் புரியலை, போங்கோ. பெருமாளுக்குப் புரியும். அவரிடம் விண்ணப்பம் பண்ணிண்டிருக்கேன்" என்றார். அவருக்காவது கேட்க ஓர் இடம் இருந்தது.

கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு மையில் 'ஹெப்பாரின் கூடாது' என்று எழுதி ஒட்டினார்கள். மருந்துக் குழாய்களைக் கழுவிவிடும் ஊசியில்கூட அது துளி இருக்கும் என்பதால் அவற்றையெல்லாம் மாற்றினார்கள். இயந்திரத்தின் பெட்டியில் கறுப்பு நூல் மாதிரி ஒன்று தெரிந்ததாம். டெக்னீஷியன் டார்ச் அடித்து எனக்கும் காட்டினார். பெட்டியையும் குழாய்களையும் ஒரு பகலில் மாற்றினார்கள். அந்தச் சில நிமிடங்கள் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். புது மருந்து வந்து இரண்டு நாள் ஆகியும் எண்ணிக்கை ஏறவில்லை. விரல்களின் கறுப்பு ஏறியது.

பத்தாம் நாள் காலை டாக்டர் சொன்னார், "பிளாஸ்மாவ மாத்திப் பாக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். பிளாஸ்மா நிறையத் தேவைப்படும். ரத்த வங்கியில இருக்கறதக் கொடுத்துடுவாங்க. நீங்க ஆளுங்கள அனுப்பி ரத்தமாத் திருப்பிக் குடுத்துடுங்க."

நான் அவசரமாக போனை எடுத்து, பழைய மாணவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். பத்து நிமிடத்தில் போன் விடாமல் அடிக்கத் தொடங்கியது. ஒருவன், "சார், பிளேட்லெட்னா மிஷின்ல எடுக்கணுமே, எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டான். அப்போதுதான் நான் போட்டதைத் திரும்பப் படித்தேன். 'பிளேட்லெட் அவசரத் தேவை' என்று எழுதியிருந்தேன். அழித்துவிட்டு 'பிளாஸ்மா' என்று போட்டேன். அதற்குள் பழைய செய்தி வேறு குழுக்களுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்தும் முன்பின் தெரியாதவர்கள் அழைத்து, "பிளேட்லெட் கிடைச்சிடுச்சா?" என்று அன்பாக விசாரித்தார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மச்சானிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் என்னையே பார்த்தார்.

"அன்னைக்கு வேணாம்னாங்க. இன்னைக்கு வேணுமா?"

"அது வேற மச்சான், இது வேற."

"என்னங்க வேற?"

"அது பிளேட்லெட். இது பிளாஸ்மா."

"ரெண்டும் ரத்தத்துலதானே இருக்கு?"

"ஆமா."

"ஒண்ண ஏத்தினா ஆகாது, இன்னொண்ண ஏத்தணும்?"

"ஏத்தறது மட்டும் இல்ல. அவளோடத எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டா?"

இருவரும் ரத்த வங்கிக்குப் போனோம். அங்கே கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இருந்தார். மச்சான் அவரிடம் முதலிலிருந்து கேட்டார். அவர் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து எங்கள் முன்னால் பிடித்தார். யாருடைய ரத்தமோ, நின்று தெளிந்திருந்தது. அடியில் சிவப்பு, மேலே இளமஞ்சள்.

"மேல நிக்கிற மஞ்சத் தண்ணிதாங்க பிளாஸ்மா. உங்க தங்கச்சியோட மஞ்சத் தண்ணியிலதான் அந்த வேண்டாத பொருள் கலந்திருக்கு. செவப்ப அப்படியே விட்டுட்டு மஞ்சத் தண்ணிய மட்டும் மிஷின் எடுத்துடும். அந்த எடத்துல வேற ஆளுங்களோடத ஊத்துவாங்க."

"ஒரே தடவையில போயிடுங்களா?"

"போகாதுங்க. உடம்பு உண்டாக்கிக்கிட்டே இருக்கும். ரெண்டு, மூணு தடவ செய்யணும்."

"ஊறிக்கிட்டே இருக்கும், எறச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார் மச்சான்.

"அதேதாங்க."

மச்சான் முகம் தெளிந்தது. எனக்கு மட்டும் அங்கேயே இன்னொரு சந்தேகம் கிளம்பிவிட்டது. மஞ்சள் தண்ணீரில் நல்ல பொருட்களும் இருக்குமே, அவையும் போய்விடாதா, புதிதாக வருகிற பிளாஸ்மா அவளுடைய உடம்பை வேறு எதையாவது எதிர்க்க வைத்தால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டேன். ரத்த வங்கிக்காரர் பொறுமையாக, "நல்லதும் போகும் சார், அதுக்குத்தான் நல்லதையே ஊத்தறோம். மத்தத டாக்டர் பாத்துப்பாங்க" என்றார்.

அதே வேன் மறுபடி வந்தது. போன தடவை வந்தவர்களில் எட்டுப் பேர், புதிதாக நான்கு பேர். என் மாணவர்கள் சிலரும் வந்தார்கள். நான் கொடுத்தேன். மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"ரொம்ப அதிகமா இருக்குங்க. நீங்க குடுக்க முடியாது."

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன். மறுபடி பாருங்க."

அரை மணி நேரம் கண்ணை மூடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மறுபடி பார்த்தார்கள். அப்படியேதான் இருந்தது.

"என் தங்கச்சிங்க அது" என்றார் நர்ஸிடம்.

"அதுக்காக உங்களுக்கு ஏதாவது ஆயிடக் கூடாதுல்லீங்க. மாத்திரை சாப்பிடறீங்களா?"

அவருக்குப் பிரஷர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. மடித்த கையை இறக்கிவிட்டு, கொடுத்து முடித்தவர்களுக்கு ஜூஸ் பாக்கெட்டுகளைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார். ஒவ்வொருவரிடமும், "தலை சுத்துதா?" என்று கேட்டார்.

முதல் தடவை பிளாஸ்மா மாற்றியபோது என்னைச் சில நிமிடம் உள்ளே விட்டார்கள். கையெழுத்துப் போட்ட தாளில், பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என ஒரு வரி இருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் பழைய இயந்திரம், மறுபக்கம் புதிய இயந்திரம். நடுவில் அவள். கீழே தொங்கிய பையில் மஞ்சள் நீர் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. மேலே கம்பியில், உறைய வைத்திருந்ததை உருக்கிய பிளாஸ்மாப் பைகள் வரிசையாக மாட்டியிருந்தன. அவற்றில் துறையூர்க்காரர்களுடையது ஒன்றாவது இருக்குமா என்று பார்த்தேன். எண்கள்தான் இருந்தன. கீழே போகிறது அவளா, மேலே இருந்து வருகிறது அவளா என்று எனக்கு ஒரு கணம் தலை சுற்றியது. நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

மறுநாள் காலை எண்ணிக்கை ஏறியிருந்தது. அன்றே இரண்டாம் தடவை செய்தார்கள். அதற்கடுத்த நாள் மறுபடி இறங்கிவிட்டது. நான் டாக்டரிடம் ஏன் என்று கேட்டேன். அவர் என் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கும் உறுதியாச் சொல்லத் தெரியல சார். இந்த மாதிரி கேஸ் எங்களுக்கே ரொம்பக் குறைவு. சென்னையில பெரியவங்ககிட்டப் பேசிக்கிட்டுத்தான் செய்யறோம். இன்னொரு தடவ செஞ்சு பாக்கணும்னு நினைக்கறோம்."

அதைக் கேட்டுப் பயந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக எனக்கு மூச்சு சீராக வந்தது. புரியாமல் இருந்தது நான் மட்டுமில்லை.

மூன்றாம் தடவை முடிந்தது. அதற்குப் பிறகு எண்ணிக்கை ஏறியது, இறங்கவில்லை. இதற்கு நடுவில் இதயமும் தானாகவே வேகம் பிடித்திருந்தது. நாங்கள் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. பதினாறாம் நாள் பகலில் இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். டெக்னீஷியன் வெளியே வந்து, "எடுத்தாச்சு சார், அவங்களே ஓட்டறாங்க" என்றார். மச்சான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அவள் கண் விழித்து இரண்டு நாளுக்கு என்னை 'சார்' என்றே கூப்பிட்டாள். "சார், அந்த எல்லைக்கல்ல யாரு எடுத்தது? அத வச்சாத்தான் நான் அளப்பேன்" என்றாள். நான் தொட்டியத்தில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவன் என்று நினைத்திருந்தாள்போல. நான் அப்படியே இருந்துவிட்டேன். கல்லைக் கொண்டுவரச் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். அண்ணனை மட்டும் சரியாக அடையாளம் தெரிந்தது.

"அண்ணே, நீ ஏன் இங்க இருக்க? வெங்காயம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா."

எடுக்கவில்லை. தண்ணீர் நின்று முக்கால்வாசி அழுகிப்போயிருந்தது. அதை அவர் என்னிடமும் சொல்லவில்லை. தை மாதம் ஊருக்குப் போனபோது பக்கத்து நிலத்துக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

விரல்களைப் பற்றி அவளிடம் யார் சொல்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அறைக்கு மாற்றிய மறுநாள் அவளே போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, விரல் ஏன் கருப்பா இருக்கு?"

சொன்னேன். ஹெப்பாரின், பிளேட்லெட், பிளாஸ்மா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில், முன்பின்னாகச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். நிலத் தகராறுக்காரர்கள் பேசும்போது அவள் இப்படித்தான் கேட்பாள்.

"எத்தன விரல் போகும்?"

"ரெண்டு. மூணாவது தப்பிச்சிடும்ங்கறாங்க."

"பெருவிரலா?"

"இல்ல. கடைசி ரெண்டு."

கொஞ்ச நேரம் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நடக்கலாம்" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அவள் முதுகில் கைவைத்தேன். வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு வாரம் கழித்து இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். மூன்றாவது தப்பியது. இனி வாழ்நாள் முழுக்க ஹெப்பாரின் கூடாது என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். அவள் கைப்பையில் ஒன்று, என் பர்ஸில் ஒன்று. மச்சான் அதைப் பார்த்து நோட்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தன் போன் உறைக்குள் வைத்திருக்கிறார். அவருக்கு எதற்கு என்று கேட்டால், "அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அப்ப கூட இருக்கறது யாருனு எப்படிங்க தெரியும்?" என்கிறார். அவரும் இப்போது பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்.

போன வருடம் வயிற்றுப்போக்கு என்று பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்கு ட்ரிப்ஸ் போட்டார்கள். முடிந்ததும் நர்ஸ் ஊசியோடு வந்தார். "லைன் அடைக்காம இருக்கக் கொஞ்சம் மருந்து சார்" என்றார். நான் துள்ளி எழுந்தேன். வாயில் அந்தச் சொல் வரவே இல்லை. "வேணாம், அது கூடாது, அவளுக்கு பிளாஸ்மா கூடாது" என்றேன். நர்ஸ் திகைத்து நின்றார். கட்டிலில் இருந்தவள் நிதானமாக, "ஹெப்பாரின்ங்க. எனக்கு ஹெப்பாரின் ஒத்துக்காது. வெறும் சலைன் போடுங்க" என்றாள். நர்ஸ் போனதும் என்னைப் பார்த்து, "உக்காருங்க" என்றாள்.

அதற்கு முன்பே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எட்டு மாதத்தில் அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். முதல் நாள் முசிறிப் பக்கம் ஒரு நெல் வயல். பள்ளி விடுமுறை என்பதால் நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். இடது செருப்புக்குள் பஞ்சு வைத்திருந்தாள். வரப்பில் கால் வைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். நான் ஓடப் பார்த்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். மறுபடி வைத்தாள். இந்தத் தடவை குதிகாலை முதலில் ஊன்றினாள். அப்படியே மெல்ல மறுகோடிவரை போனாள். உதவியாளர் வரவில்லை என்பதால் டேப்பின் முனையை என்னிடம் கொடுத்திருந்தாள். நான் மூலைக்கல்லின் மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று அடித்தது. அவள் தூரத்திலிருந்து ஏதோ சொன்னாள். நான் இரண்டடி நகர்ந்தேன்.

"அந்தப் பக்கம் இல்லீங்க" என்று கத்தினாள். "என் கைப்பக்கம் வாங்க."

அவள் எந்தக் கையைச் சொல்கிறாள் என்று தெரியாமல் நான் நின்றேன். நிலத்துக்காரர்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, வரப்பு வழியே என்னை நோக்கி நடந்து வந்தாள்.